அம்மா பேர் கேட்கும் கவுண்டர்

சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும், கால் பிசகினாலும், ஜீப்பில் ஏற்றி நேராக மடத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வருவார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்துவதால் அந்தப் பெயர். போர்டில் ஒரு புனிதரின் பெயர் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அறுபது கட்டில் உள்ள ஆஸ்பத்திரி. வாசல் தாண்டியதும் வலதுபக்கம் கண்ணாடி போட்ட ஓபி கவுண்டர். அதற்குப் பின்னால் பத்தொன்பது வருசமாக உட்கார்ந்திருப்பவள் இன்பமேரி.

அவள் அந்த நாற்காலிக்கு வந்த கதை ஒரு வரிசையில் தொடங்கியது. அப்பா பாஸ்கல் ராயப்பன்பட்டியிலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறியவர். இன்பமேரி பிறந்தது லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில்; பத்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், அப்புறம் ஏலக்காய் எடுக்கும் வேலை. ஜீப் ஓட்டும் ஜோஜோவைக் கட்டிக்கொண்டாள். இருபத்தேழு வயதில் ஒருநாள், காதுவலியில் அழுத மகளைத் தூக்கிக்கொண்டு இதே கவுண்டர் முன்னால் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பெண் "அடிவயித்துல சுருக்குச் சுருக்குன்னு குத்துது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே இருந்த மலையாளிப் பையனுக்கு அந்தச் சுருக்கு புரியவேயில்லை. இன்பமேரி பின்னால் நின்றபடியே மலையாளத்தில் எடுத்துச் சொன்னாள். அடுத்தவருக்கும் சொன்னாள். அவள் முறை வருவதற்குள் பதினோரு பேருக்குப் பேசி முடித்திருந்தாள்.

அப்போதிருந்த தலைமை சிஸ்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைலேர்ந்து இங்க வருமோ?" என்று கேட்டார். முதல் ஒரு வருசம் முன்கூடத்தைப் பெருக்கித் துடைப்பதும், கூப்பிட்டபோது ஓடிப்போய்ப் பேசித் தருவதுமாகப் போனது. அப்புறம் நாற்காலி. கம்ப்யூட்டர் வந்தபோது எழுத்தெழுத்தாகத் தேடி ஒரு விரலால் தட்டக் கற்றுக்கொண்டாள். இப்போதும் ஒரே விரல்தான், ஆனால் வேகம் வந்துவிட்டது.

இரண்டு வருசத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி ஐஎஸ்ஓ தரச்சான்று வாங்கப் போகிறது என்ற பேச்சு வந்தது. உலகத்தில் எந்த நாட்டு ஆஸ்பத்திரியானாலும் இன்ன வேலையை இன்ன முறையில் செய்ய வேண்டும், செய்ததை எழுதி வைக்க வேண்டும், தப்பு நடந்தால் ஏன் நடந்தது என்று தேட வேண்டும் என்று ஒரு விதி. அதற்கென்று கோதமங்கலத்திலிருந்து டின்சி என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். வயது இருபத்தெட்டு. சுவரெல்லாம் காகிதம் ஒட்டினாள். கை கழுவும் இடத்தில் ஒன்று, குப்பைக்கூடை மேல் ஒன்று, லிஃப்டுக்குள் ஒன்று. தமிழ் சரளமாக வராது, ஆனால் வெட்கப்படாமல் பேசுவாள்.

டின்சி கொண்டுவந்த காகிதங்களில் ஒன்று மஞ்சள் நிறம். சம்பவப் படிவம் என்று பெயர். தப்பு நடந்தாலோ, நடக்கப் பார்த்தாலோ அதில் எழுதிப் போட வேண்டும். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கட்டு கொடுத்தாள். மூன்று மாதத்தில் ஒரு படிவம்கூடத் திரும்பி வரவில்லை.

"அப்போ இவிட ஒரு தப்பும் நடக்குன்னில்லே அல்லே, சேச்சி?" என்று ஒருநாள் காலி ஃபைலைக் காட்டி இன்பமேரியிடம் கேட்டாள்.

"நடக்காம இருக்குமா? எழுதிக் குடுத்தா மெமோ வரும்னு எல்லாருக்கும் பயம். எனக்கும்தான்," என்றாள் இன்பமேரி.

அது பொய்யில்லை. தப்பு என்றால் மெமோ, மெமோ என்றால் தலைகுனிவு. அப்படித்தான் அந்த ஆஸ்பத்திரி அத்தனை காலமும் ஓடியிருந்தது.

தரச்சான்றுக்கு ஆடிட்டர் வர இன்னும் பன்னிரண்டு நாள். திங்கள்கிழமை. திங்கள் என்றால் கவுண்டர் முன்னால் வரிசை வாசற்படி தாண்டி ஜீப்புகள் வரை போகும். பத்து மணிவாக்கில் ஒரு பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, இரண்டு நாள் காய்ச்சலும் வாந்தியும். தலையைத் தூக்க முடியாமல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.

"பேரு சின்னத்தாயி," என்றாள் கூட வந்தவள்.

இன்பமேரி பெயரைத் தட்டினாள். வந்த பட்டியலில் சின்னத்தாயி, தோட்டத்து மேல் டிவிஷன், பிறந்த தேதி 1970 ஜனவரி ஒன்று என்று ஒரு வரி இருந்தது. நீட்டிய ஆதார் அட்டையிலும் அதே தேதி.

"மேல் டிவிசன்தானக்கா?"

அந்தப் பெண் தலையாட்டினாள். இன்பமேரி முகத்தைப் பார்க்காமலே பழைய எண்ணில் சீட்டு அடித்துக் கொடுத்தாள். நாற்பது வினாடி வேலை. அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பன்னிரண்டேகால் மணிக்கு வரிசை தளர்ந்தது. கையில் துணிப்பையோடு ஒருத்தி வந்து நின்றாள். தெரிந்த முகம். மாசா மாசம் வருகிறவள், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவள்.

"இன்பம், மருந்து தீந்துபோச்சு. டாக்டரப் பாக்கணும்."

இன்பமேரி எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு எதிரில் நிற்பவளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். மேல் டிவிஷன் சின்னத்தாயி, பெண்கள் வார்டில் ஏழாம் கட்டிலில் படுத்திருக்கிறாள் என்றது திரை.

மேல் டிவிஷன் சின்னத்தாயி இதோ நிற்கிறாள். அப்படியானால் ஏழாம் கட்டிலில் கிடப்பவள் யார்? அவள் தலைமாட்டில் யாருடைய விவரம் தொங்குகிறது?

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். இத்தனை வருசத்தில் அவள் படியேறி ஓடியதை யாரும் பார்த்ததில்லை. வார்டில் சோனா என்ற நர்ஸ் ட்ரேயைக் கையில் ஏந்தி ஆறாம் கட்டிலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். ட்ரேயில் மருந்து ஏற்றிய சின்ன ஊசி.

"சோனா, நில்லு. அது யாருக்கு?"

"ஏழாம் கட்டிலுக்குச் சேச்சி. சாப்பாட்டுக்கு முந்தின இன்சுலின். பழைய ஃபைல்ல உள்ளத கன்டினியூ பண்ணச் சொல்லி டாக்டர் எழுதிருக்கு."

"போடாத. ஃபைலு வேற ஆளுது."

சோனா ஊசிக்கு மூடி போட்டாள். ட்ரேயை ஜன்னல் திட்டில் வைத்தாள். இரண்டு நாளாக ஒரு பருக்கை உள்ளே போகாத, சர்க்கரையே இல்லாத உடம்பில் அந்த ஊசி இறங்கியிருந்தால் மத்தியானத்துக்குள் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் வந்தார், ஃபைல் மாறியது, புதிய எண் போட்டார்கள். அரைமணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. தலைமை நர்ஸ் இன்பமேரியின் தோளில் கை வைத்து, "ஒண்ணும் ஆயில்லல்லோ. நம்பரத் திருத்தியாச்சு. இனி ஆரிடத்தும் சொல்ல வேண்டா. ஆடிட் வருது," என்றார். கெட்ட மனசில் சொன்னதில்லை. இன்பமேரியைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

இன்பமேரி கவுண்டருக்குத் திரும்பவில்லை. ஏழாம் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். கட்டிலில் இருந்தவள் கம்பம்மெட்டு வழியாகத் தினமும் ஜீப்பில் வந்து போகிறவள், கம்பத்துக்காரி. மேல் டிவிஷனுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"எக்கா, காலைல மேல் டிவிசன்தானான்னு கேட்டேன். நீங்க ஆமான்னு தலையாட்டுனீக."

"அங்கனதான வேல பாக்குறேன் தாயி."

"டாக்டரு சுகர் இருக்கான்னு கேட்டாரா?"

"மலையாளத்துல என்னமோ கேட்டாரு. ஆமான்னேன்."

"வேற ஆளு ஃபைல உங்களுக்குப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. ஆகாத ஊசி ஒண்ணு உங்களுக்குப் போடப் பாத்தாக. நல்லவேளை, போடல."

அந்தப் பெண் கோபப்படுவாள் என்று இன்பமேரி எதிர்பார்த்தாள். "நீங்க எதக் குத்துனாலும் கையக் காட்டிருப்பேன். நான் என்னத்தக் கண்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்பமேரிக்கு அந்த வார்த்தைதான் பெரிய அடியாக விழுந்தது. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

கவுண்டருக்கு வந்து டின்சியின் மஞ்சள் படிவத்தை எடுத்தாள். ஆங்கிலத்தில் அச்சடித்த கட்டங்கள். ஆங்கிலம் எழுத வராது, மலையாளம் எழுதினால் நேரமாகும். தமிழிலேயே எழுதினாள். நடந்ததை நடந்த வரிசையில், மணி போட்டு எழுதினாள். யார் தவறு என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. அவளாகக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'பேரை நான் கேட்கவில்லை, நானே சொல்லிக் கொடுத்து ஆமாம் சொல்ல வைத்தேன்.' கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் ஒரு சந்தேகம் தட்டிற்று. கம்ப்யூட்டரில் சின்னத்தாயி என்று மட்டும் போட்டுத் தேடினாள். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் பத்தொன்பது பேர். ஆதார் முகாம் நடந்தபோது பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார்கள். மலை முழுக்க ஒரே நாளில் பிறந்தவர்கள். கணவன் பெயர் என்ற கட்டம் பாதிப்பேருக்குக் காலியாக இருந்தது. வயதான பெண்கள் புருசன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரிடம் கேட்பார்கள், இல்லாவிட்டால் கட்டம் காலி. மாரியம்மாள் என்று தேடினாள். பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. அவள் எண்ணவில்லை.

மறுநாள் நிர்வாகி சிஸ்டர் ஜெஸ்லின் கூப்பிட்டார். மேசையில் அந்த மஞ்சள் படிவம் இருந்தது; அதில் உள்ளதை யாரோ அவருக்குப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சுவரோரமாக டின்சி நின்றாள்.

"இன்பமேரி, நீ எழுதினது சரிதான். ஞான் குத்தம் சொல்லலை. ஆனா ஆடிட்டுக்குப் பதினொண்ணு நாள்தான் இருக்கு. ஃபைல்ல முதல் காகிதமே இதுன்னா அவங்க என்ன நினைப்பாங்க? ஆடிட் முடியட்டும், அப்புறம் ஃபைல்ல வைக்கலாம்."

"சிஸ்டர், இன்னும் பத்தொம்போது சின்னத்தாயி இருக்காக," என்றாள் இன்பமேரி. "எல்லாரும் ஒரே நாள்ல பொறந்தவுக. அதுல ஒருத்தி நாளைக்கே வரலாம். ஆடிட்டு முடியட்டும்னு அவுகளுக்கு யாரு சொல்றது?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெமோ குடுக்கணும்னாக் குடுங்க, வாங்கிக்கிறேன். காகிதம் ஃபைல்ல இருக்கட்டும்."

டின்சி மெதுவாகச் சொன்னாள். "சிஸ்டரே, காலி ஃபைலக் கண்டால் ஆடிட்டர் விஸ்வசிக்கில்லா. தப்பில்லாத ஆஸ்பத்திரி உலகத்துல எங்கயும் இல்லை."

சிஸ்டர் ஜெஸ்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை இன்னொரு தரம் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாதவர்தான், ஆனாலும் கடைசி வரி வரை விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அதை டின்சியிடம் நீட்டினார். "மெமோ இல்லை. இனி இந்த மஞ்சக் காகிதத்துக்கு யாருக்கும் மெமோ கிடையாதுன்னு நோட்டீஸ் போடு. ஞான் கையொப்பு வைக்கிறேன்."

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் சோனா ஒரு படிவம் எழுதினாள். சர்க்கரை பார்க்காமல் இன்சுலின் போடக் கூடாது, அன்று பார்க்கவில்லை. ஏனென்றால் அளந்து பார்க்கும் பட்டை வார்டில் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. ஸ்டோர்காரர் இன்னொன்று எழுதினார்: பட்டை தீர்ந்த தகவல் தன்னிடம் வரவேயில்லை. அந்தப் பத்து நாளில் பதினான்கு படிவம் சேர்ந்துவிட்டது.

ஆனால் பத்தொன்பது சின்னத்தாயிகள் அப்படியே இருந்தார்கள். பெயரும் பிறந்த தேதியும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆளை உறுதி செய்ய வேண்டும் என்பது டின்சி எழுதிவைத்த முறை. "இவிட தேதி உபயோகமில்லையே சேச்சி. ஃபோன் நம்பர்?"

"ஒரு லயத்துக்கே ஒரு போனக் குடுத்துருப்பாக."

"வீட்டு நம்பர்?"

"தோட்டம் மாறுனா மாறிரும்."

இன்பமேரி யோசித்தாள். எங்கே போனாலும் மாறாத, எவளும் சொல்லக் கூச்சப்படாத ஒன்று வேண்டும். அன்று மத்தியானம் சாப்பாட்டை மென்றுகொண்டிருந்தபோது அது பிடிபட்டது. புருசன் பெயரைச் சொல்லாதவள் ஆத்தா பெயரைச் சொல்லுவாள். யாரும் தடுக்கவில்லை, எந்த வழக்கமும் குறுக்கே நிற்கவில்லை.

மறுநாள் விடிந்த கையோடு ஜோஜோவின் ஜீப்பிலேயே போய்த் தோட்டத்து வண்டிகள் வந்து நிற்கும் முக்கில் இறங்கினாள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பெண்களை ஏற்றி வரும் ஜீப்புகள் அங்கேதான் நின்று பிரியும். தலையில் துண்டைக் கட்டி, சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கியவர்களிடம் அச்சடித்த பட்டியலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்காத்தா பேரு எதுக்குடி? அவ செத்து இருவது வருசமாச்சு," என்றாள் ஒருத்தி.

"உன்னிய வேற ஆளுன்னு நெனச்சு ஊசி போட்டுறக் கூடாதுல்ல."

"அது நெசந்தான். எழுதிக்க. காமாச்சி."

கேட்டு முடிப்பதற்குள் அந்த முக்கே சிரிப்பும் சத்தமுமாகிவிட்டது. ஒருத்தி தன் ஆத்தாள் பெயரைச் சொன்னதும் இன்னொருத்தி, "அட, எங்காத்தா கூடப் பொறந்தவ பேரும் அதுதான்" என்று முறை கொண்டாடினாள். எட்டு நாள் காலையும், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலும் இன்பமேரி எழுதினாள். ஆயிரத்து இருநூறு பெயருக்கு மேல் சேர்ந்தது. பகலில் வரிசை குறையும்போதெல்லாம் ஒற்றை விரலால் ஏற்றினாள். டின்சியும் வந்து உட்கார்ந்து ஏற்றினாள்.

ஆடிட்டர் பாலக்காட்டிலிருந்து வந்தார். பஞ்சாபகேசன் என்று பெயர். கல்பாத்திக்காரர், வயது அறுபதை ஒட்டி, தொழிற்சாலைகளில் தரம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவர். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் சம்பவ ஃபைலைக் கேட்டார். மஞ்சள் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் படிவம் தமிழில் இருந்ததைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அதைப் படித்து முடிக்க வெகுநேரம் எடுத்தார்.

"இதை எழுதினவா யாரு?"

கவுண்டரைக் காட்டினார்கள். அவர் போய் ஓரமாக அரைமணி நேரம் நின்றார். இன்பமேரி ஒவ்வொருவரிடமும் "உங்க பேரச் சொல்லுங்க", "அம்மா பேரு என்ன?" என்று கேட்பதையும், அவர்கள் சொன்ன பிறகே திரையைப் பார்ப்பதையும் கவனித்தார். கடைசியில் அவரே வரிசையில் நின்றார்.

"எனக்கும் ஒரு சீட்டுப் போடுங்கோ."

"உங்க பேரச் சொல்லுங்க சார்."

"பஞ்சாபகேசன்."

"அம்மா பேரு?"

"தர்மாம்பாள்," என்றார். பிறகு, "இதை என்கிட்ட யாரும் கேட்டு நாப்பது வருஷம் இருக்கும். நீங்க ஏன் பேரைச் சொல்லிக் கேக்கறதில்லை?"

"சொல்லிக் கேட்டா எல்லாத்துக்கும் தலையாட்டுவாக சார். எங்க சனம் அப்படித்தான். டாக்டர் முன்னால இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்ல."

அவர் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். "பேஷான முறையாக்கும் இது. புஸ்தகத்துல உள்ளதைவிட நன்னா இருக்கு." அப்புறம் டின்சி பக்கம் திரும்பினார். "அம்மா பேர் கேக்கணும்கறது உங்க எழுத்து முறையில எந்தப் பக்கத்துல இருக்கு?"

டின்சி கையிலிருந்த ஃபைலைப் புரட்டினாள். பத்து நாள் ஓட்டத்தில் அதை முறைப் புத்தகத்தில் சேர்க்க மறந்துபோயிருந்தது.

சாயங்காலக் கூட்டத்தில் பஞ்சாபகேசன் எல்லார் முன்னிலையிலும் அந்த முதல் படிவத்தைப் பற்றிச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் பலநூறு சம்பவ ஃபைல் பார்த்திருப்பதாகவும், ஒருத்தர் தன் தவறைத் தானே இப்படி எழுதிக் கையெழுத்திட்டதை இரண்டு மூன்று தடவைதான் கண்டதாகவும் சொன்னார். அதே மூச்சில் குறைகளின் பட்டியலை வாசித்தார். மொத்தம் நான்கு. மூன்றாவது குறை, ஓபி கவுண்டரில் எழுதப்படாத ஒரு முறை நடைமுறையில் இருப்பது.

இன்பமேரிக்கு முதலில் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும் டின்சியிடம், "நல்லது செஞ்சதுக்கும் குறையா?" என்றாள்.

"சேச்சி நாளைக்கு லீவு எடுத்தா அந்தக் கவுண்டர்ல இருக்கிற ஆளு அம்மா பேரு கேக்குமா?"

இன்பமேரி யோசித்துப் பார்த்தாள். கேட்க மாட்டார்கள். "அவரு சொன்னது நாயந்தான்," என்றாள். அன்றே இருந்து முறையை எழுதினார்கள். மலையாளத்திலும் தமிழிலும் ஒவ்வொரு பக்கம். இன்பமேரி சொல்லச் சொல்ல டின்சி தட்டினாள்.

குறைகளைத் தீர்த்துக் காட்டி இரண்டு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டினார்கள். சிஸ்டர் ஜெஸ்லின் இன்பமேரியை அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார்; அன்று அவளுக்கு ஜலதோஷம், படத்தில் மூக்கு சிவந்திருக்கும். ஏழாம் கட்டில் சின்னத்தாயி காய்ச்சல் தெளிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். இப்போது கவுண்டருக்கு வந்தால் கேட்பதற்கு முன்னாலேயே ஆத்தா பெயரைச் சொல்கிறாள். டாக்டர் புரியாத ஒன்றைக் கேட்டால் தலையாட்டுவதில்லையாம். "தமிழ்ல கேளுங்க" என்கிறாளாம். சோனா சொல்லித்தான் இன்பமேரிக்கு இது தெரியும். அந்தச் சந்தோஷத்தில் அன்று வீட்டில் மீன்குழம்பு வைத்தாள்.

போன மாதம் அந்தக் கன்னியாஸ்திரீகள் சபையின் இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து, பாலக்காட்டு முதலமடைப் பக்கம், இன்பமேரியை ஒரு வாரம் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். மாந்தோப்புக் கூலிக்காரர்கள் வரும் இடம், அங்கேயும் தரச்சான்று வேலை தொடங்கியிருந்தது. இன்பமேரி மலையை விட்டு அத்தனை தூரம் தனியாகப் போனதில்லை. இரண்டு பஸ் மாறி, வெயிலில் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தாள். கவுண்டரில் ஆனந்தி என்ற பெண் இருந்தாள். இன்பமேரி முறையைச் சொல்லி முடிக்கும் வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா இங்க வாரவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அம்மா பேரு மாரியாத்தாளுங்க. மீதிப் பேரு ஒரிசாக்காரங்க, அவங்க பேச்சே நமக்குத் தெரியாதுங்க."

இன்பமேரி சிரித்துவிட்டாள். பையைக் கீழே வைத்து, ஒரு ஸ்டூலை இழுத்து ஆனந்திக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "சரி. இன்னைக்கி நான் ஒண்ணும் சொல்லல. நீங்க சீட்டுப் போடுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றாள். வரிசையில் முதல் ஆள் கண்ணாடியருகே வந்து நின்றான்.